தோடியில் நிற்காத காந்தாரம்

மயிலாடுதுறைப் பக்கத்தில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் வந்து சேரும். "அவர் வாசிச்சதிலே உங்களுக்கு எதுங்க?" என்று யாராவது ஆரம்பித்து வைப்பார். பதில் அநேகமாகத் தோடிதான். வழக்கே அதற்குப் பிறகுதான் தொடங்கும். எந்தத் தோடி? இசைத்தட்டில் இருப்பதா, வானொலியில் வந்ததா, கோவில் உற்சவத்தில் கேட்டதாக அப்பா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோன தோடியா? ஒருவர் ஆலாபனை தொடங்கும் இடத்தைச் சொல்வார். இன்னொருவர் மேல் ஸ்தாயிக்கு ஏறும் பிருகாவைச் சொல்வார். மூன்றாமவர் கையை உயர்த்தி, "அந்த ஒரு காந்தாரம் போதும்ங்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்று முடித்துவிடுவார்.

அமெரிக்காவில் ப்ளூஸ் கிட்டார் ரசிகர்களும் இப்படித்தான் பேசுவார்கள். பி.பி. கிங் (1925–2015) வாசித்த பாட்டுகளில் எது உயர்ந்தது என்று தொடங்கும் பேச்சு, ஏதோ ஒரு பாட்டில் அவர் ஒரு கம்பியை விரலால் தள்ளி, ஒரே ஒரு சுரத்தை நடுங்க விட்ட இடத்தில் போய் நிற்கும். மிசிசிப்பி ஆற்றங்கரைப் பருத்திக் காடும் காவிரிப் படுகை நெல்வயலும் எங்கெங்கோ இருக்கின்றன. இரண்டு ஊர் ரசிகர்களும் ஒரு முழுக் கச்சேரியை விட்டுவிட்டு ஒரு சுரத்தைப் பிடித்துக்கொள்வது ஏன்? அந்த ஒற்றைச் சுரத்துக்குள் என்ன நடக்கிறது? அறிவியலுக்கு இதில் சொல்ல நிறையவே இருக்கிறது. சொல்லி முடித்த பிறகும் அந்தக் காந்தாரத்தின் அழகு ஒரு துளி குறைவதில்லை என்பது என் எண்ணம். கூடத்தான் செய்கிறது.

ராஜரத்தினம் பிள்ளை 1898-ல் திருமருகலில் பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்துவானாக இருந்ததால் ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1956-ல் மறைந்தார். தோடி என்றால் அவர், அவர் என்றால் தோடி என்று ஆகிவிட்டது. வாய்ப்பாட்டுக்காரர்களே அவர் வாசிப்பைக் கேட்டுத் தங்கள் பாட்டை மாற்றிக்கொண்டார்கள், ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களில் நாதஸ்வரத்தின் வேகம் இருக்கிறது என்று ரசிகர்கள் சொல்வது வெறும் புகழ்ச்சி இல்லை.

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகும் ரயிலில் குத்தாலம் தாண்டியதும் நரசிங்கம்பேட்டை வரும். நாதஸ்வரம் செய்யும் ஊர். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவாவடுதுறை, வாசிப்பவர்களுக்கும் சீவாளிக்கும் பேர்போனது. சில கிலோமீட்டருக்குள் மரமும் நாணலும் மூச்சும் சேர்ந்துவிடுகின்றன. இந்தக் கதையின் பாதி இந்த நெருக்கத்தில் இருக்கிறது.

முதலில் சீவாளி. வாசிப்பு தொடங்கும் முன் வித்துவான் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நாதஸ்வரத்தின் மேல்முனையில் கோத்துத் தொங்கும் சீவாளிகளில் ஒன்றை எடுப்பார். வாயில் வைத்து எச்சிலில் ஊற விடுவார். சீவாளியை மட்டும் ஊதிப் பார்ப்பார். கீச்சென்று ஒரு சத்தம். முகம் சுளித்தால் அடுத்தது. கூடவே தொங்கும் ஊசியால் சீவாளியின் வாயைக் கொஞ்சம் திறந்துவிடுவார், உதட்டால் அழுத்திப் பார்ப்பார், திருப்தியானால்தான் கெண்டையில் செருகுவார். நாணல் தட்டையைப் பதப்படுத்தி, நறுக்கி, தட்டிக் கட்டிய விரல்நுனி அளவுப் பொருள்தான் அது. ஆனால் மொத்த வாத்தியத்துக்கும் குரல்வளை அதுதான்.

சீவாளியில் இரண்டு மெல்லிய இதழ்கள் நடுவில் ஒரு கீற்று இடைவெளியோடு எதிரெதிராக இருக்கின்றன. வாயிலிருந்து காற்று அழுத்தும்போது இதழ்கள் ஒட்டி மூடிக்கொள்ளும். குழலுக்குள் போன அழுத்த அலை கீழே போய்த் திரும்பி வந்து அவற்றைத் திறந்துவிடும். மறுபடி மூடும், மறுபடி திறக்கும். நொடிக்கு 300 அதிர்வுள்ள ஒரு சுரம் கேட்கிறது என்றால், அந்த நாணல் கதவு நொடிக்கு 300 தடவை திறந்து மூடியிருக்கிறது. கதவை எந்த வேகத்தில் இயக்குவது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது குழலில் ஓடும் காற்றுத்தம்பத்தின் நீளம். விரல் ஒரு துளையைத் திறந்தால் தம்பம் குட்டையாகும், சுரம் ஏறும்.

இது வரைக்கும் நாணல் வைத்து ஊதும் எல்லாக் குழல் வாத்தியங்களுக்கும் பொது. நாதஸ்வரத்தின் தனிக்குணம் அதன் வடிவத்தில் தொடங்குகிறது. உலவு என்னும் மரக்குழல் மேலே ஒடுங்கி, கீழே அணசை நோக்கி விரிந்துகொண்டே போகும் கூம்பு. கிளாரினெட் போல ஒரே அகலமுள்ள குழலில் நாணல் வைத்து ஊதினால் ஒற்றைப்படை மேற்சுரங்களே பலமாக வரும்; அழுத்தி ஊதினால் ஸ்தாயியைத் தாண்டி மேல் பஞ்சமத்துக்குப் போய்விடும். கூம்புக் குழலில் எல்லா மேற்சுரங்களும் வரிசையாக வரும். அழுத்தி ஊதினால் நேராக மேல் ஸ்தாயி. ஷெனாய்க்கும் ஓபோவுக்கும் இதே குணம் உண்டு. அதே விரல்களோடு மூச்சை மட்டும் இறுக்கி ஒரு ஸ்தாயி மேலே தாவ முடிவதும், அந்தக் கனத்த, ஒளி வீசுகிற நாதமும் இந்தக் கூம்பு கொடுத்தவை.

ஆனால் கூம்பு முழுதாக இல்லை. கூம்பின் நுனி கூர்மையாக முடிய வேண்டும். அங்கே ஊத முடியாது. ஆகவே நுனி வெட்டப்பட்டு, அந்த இடத்தில் கெண்டையும் சீவாளியும் உட்கார்ந்திருக்கின்றன. வெட்டிப்போன நுனிக்குள் இருந்திருக்க வேண்டிய காற்றின் கொள்ளளவை, சீவாளிக்குள் இருக்கும் சின்ன வெற்றிடம் ஈடுகட்டியாக வேண்டும். சரியாக ஈடுகட்டினால் ஸ்தாயிகள் சுத்தமாகப் பொருந்தும். உதட்டால் சீவாளியை அழுத்தும்போது உள்வெற்றிடம் குறைகிறது, இதழின் விறைப்பும் மாறுகிறது. விரல் அசையாமலே சுரம் மேலே நகர்கிறது. உதட்டைத் தளர்த்தினால் இறங்குகிறது. ஏழு துளைகளை எண்ணி ஏழு சுரம் என்று நினைத்துவிடக்கூடாது. துளைகள் அடையாளம் போட்டு வைத்த இடங்கள்தான். அவற்றுக்கு நடுவே உதடும், மூச்சும், பாதி மூடிய விரலும் போய்வரும் வழி இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து கிடக்கிறது.

கிட்டாரின் நிலை இன்னும் கடினமானது. அதன் கழுத்தில் உலோகக் கட்டைகள் குறுக்கே அடித்திருக்கின்றன. ஒவ்வொரு சுரமும் ஒரு படி. ப்ளூஸ்காரர்களுக்கு வேண்டிய சுரமோ இரண்டு படிகளுக்கு நடுவே இருந்தது. நம் பெயரில் சொன்னால் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில், இரண்டிலும் நிற்காத ஒன்று. ஷட்ஜத்தோடு சாதாரண காந்தாரத்துக்கு 6:5 விகிதம், அந்தர காந்தாரத்துக்கு 5:4. அந்த நடு இடத்துக்கு வெறும் விரலால் போகக் கிட்டார்காரருக்கு ஒரே வழிதான், கம்பியைப் பக்கவாட்டில் தள்ளுவது. கம்பியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகையால் ஒரு முழுச் சுரம் உயர்த்த இழுவிசையை ஏறத்தாழ 26 விழுக்காடு கூட்டியாக வேண்டும். விரல்நுனியில் எஃகுக் கம்பி பதிந்து வலிக்கும் வேலை அது. பி.பி. கிங் இளைஞராக இருந்தபோது, உறவினர் புக்கா வைட் கம்பியின் மேல் ஒரு குழாயை வழுக்கி வாசித்ததைப் போலத் தானும் வாசிக்க ஆசைப்பட்டார். அது கைவரவில்லை. அந்த ஓசையை விரல் நடுக்கத்தால் கொண்டுவரப் பார்த்தார். பின்னாளில் உலகம் அவரை அடையாளம் கண்டுகொண்டது அந்த நடுக்கத்தை வைத்துத்தான்.

இனி தோடியின் காந்தாரத்துக்கு வரலாம். ஏட்டில் தோடி எட்டாவது மேளம். காந்தாரம் சாதாரண காந்தாரம். கீபோர்டில் அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். தோடி வராது. தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதில்லை. கீழே ரிஷபத்தின் பக்கம் சாய்ந்து, மேலே மத்யமத்தைத் தொட்டு, மறுபடி இறங்கி, அந்தப் போக்கிலேயே தன்னைக் காட்டுகிறது. தோடிப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, எந்த உயரத்தில் குரல் எவ்வளவு நேரம் இருந்தது என்று வரைந்தால், ஷட்ஜமும் பஞ்சமமும் கூரான சிகரங்களாக எழும். காந்தாரத்தின் இடத்தில் பரந்த மேடுதான் இருக்கும். மேலைநாட்டுப் பாடகர்களின் குரல் நடுக்கம் நொடிக்கு ஐந்து முதல் ஏழு வரை, குறுகிய அகலத்தில் வரும். ஒரு நிலையான சுரத்துக்கு அது மெருகு. தோடியில் அசைவு மெருகாக மேலே பூசப்பட்டதில்லை, சுரமே அதுதான். அதனால்தான் கமகம் என்னும் இந்த அசைவைப் பேசாத ஆர்மோனியத்தை 1940-ல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. அந்தத் தடை பல வாத்தியக்காரர்களை நோகடித்தது, அது நியாயமும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தோடியை மனதில் வைத்துக் கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

தோடி கேட்டுப் பழகிய காது இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் சேர்த்து 'க' என்று ஒரே பெயரில் எடுத்துக்கொள்கிறது. பழகாத காதுக்கு அது சுரம் தப்பி அலைவதாகப் படலாம். ஒரே காற்றதிர்வுதான், இரண்டு மூளைகளில் இரண்டு பொருள்.

ராஜரத்தினம் பிள்ளைக்குக் கிடைத்த பழைய வாத்தியம் திமிரி. குட்டையானது, சுருதி உயர்ந்தது, கூர்மையான சத்தம். அதில் சுத்த மத்யமம் சரியாகப் பேசுவதில்லை என்பது பெரிய குறை. தோடிக்குச் சுத்த மத்யமம் உயிர். காந்தாரம் போய்த் தொட்டுத் திரும்பும் சுரமே அதுதான். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அந்தக் குறையோடு போராடினார். நீளம் கூட்டி, துளைகளின் இடம் மாற்றி, சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரம் பிறந்தது. இன்று மேடையில் நாம் கேட்பது பெரும்பாலும் இந்தப் பாரிதான். வாசிப்பவர் கேட்டதும் ஆசாரி செதுக்கியதுமாகப் பல நாள் நடந்த பேச்சுவார்த்தையின் விளைவு அது. விரல் துளைகளுக்குக் கீழே உள்ள கூடுதல் துளைகளை மெழுகு வைத்து அடைத்துச் சுருதியைத் திருத்துவது இன்றும் நடக்கிறது. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மரம் ஆச்சா. அதுவும் புது மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரமும் தூணும்தான் ஆசாரிமார் தேடும் சரக்கு. பழைய மரத்தில் நாதம் இருக்கிறது என்பார்கள். ஒலியியல்காரர்கள் இதைக் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வார்கள்: குழல் வாத்தியத்தில் பாடுவது உள்ளே இருக்கும் காற்று, சுவர் எந்தப் பொருள் என்பதைவிட உள்வடிவம் எவ்வளவு துல்லியம், எவ்வளவு வழுவழுப்பு என்பதே முக்கியம். இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகின்றன. பல தலைமுறை வெயிலும் மழையும் பார்த்த உத்திரம் இனி முறுக்காது, சுருங்காது. மூச்சின் ஈரம் மணிக்கணக்கில் பட்டாலும் கடைந்த கூம்பு கடைந்தபடியே இருக்கும்.

"ராத்திரி புறப்பாட்டில் வாசிச்சா அடுத்த ஊருக்குக் கேக்கும்" என்று பெரியவர்கள் சொல்வது மிகையென்று பலர் நினைக்கிறார்கள். மிகை இல்லை. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது நொடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வு வரை. நாதஸ்வரத்தின் மேற்சுரங்கள் அந்தப் பகுதியில் தாராளமாக உண்டு. அதோடு காவிரி டெல்டாவின் இரவு சேர்ந்துகொள்கிறது. காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். பகலில் தரை சுட்டுத் தரையொட்டிய காற்று சூடாக இருக்கும். ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். மழை விட்டுத் தெளிந்த, காற்றில்லாத இரவில் நிலைமை தலைகீழ். தரையொட்டிக் குளிர்ந்த காற்று, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று. மேலே போகப் பார்க்கும் ஒலி வளைந்து கீழே திரும்பும். நடவு முடிந்த வயலில் தேங்கிய நீர் அதை உறிஞ்சாமல் மறுபடி எழுப்பி அனுப்பும். டெல்டா குன்றும் காடும் குறுக்கிடாத சமவெளி. மயிலாடுதுறையில் ஐப்பசித் துலா உற்சவம் நடக்கும் நாட்களில் சுற்றிலும் சம்பா வயல்கள் தண்ணீர் கட்டி நிற்கும். அப்படிப்பட்ட ஓர் இரவில் தன் வீட்டு வாசலில் இருந்தபடி தோடி கேட்டேன் என்று ஒரு முதியவர் சொன்னால் நான் நம்புவேன்.

அந்த இரவுகள் போய்விட்டன, எஞ்சியவை பதிவுகள். கிராமபோன் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூட அடங்கும். மணிக்கணக்கில் ஒரு ராகத்தை விரிக்கக்கூடிய மனிதர் அந்தப் பெட்டிக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டார். ரசிகர்கள் நடுவே தீராத ஒரு சண்டை இந்தத் தட்டுகளால் வந்தது: அவர் அன்று வாசித்தது எந்தச் சுருதி? தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுழல வேண்டும். நம் வீட்டுப் பெட்டி 80 சுற்று ஓடினால் எல்லா அதிர்வெண்ணும் இரண்டரை விழுக்காடு உயரும்; பதிவு செய்த இயந்திரம் அப்படி ஓடியிருந்தால் ஏறத்தாழ அதே அளவு இறங்கும். அது ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதி. ஒருவர் வீட்டில் கேட்ட தோடியும் இன்னொருவர் வீட்டில் கேட்ட தோடியும் கால் கட்டை தள்ளி இருந்திருக்கலாம், இருவருமே சரியாகக் கேட்டிருந்தாலும். காந்தாரத்தின் ஆட்டம் மட்டும் இதில் சிதைவதில்லை. எல்லாச் சுரமும் ஒரே விகிதத்தில் நகர்வதால் அவற்றின் உறவு அப்படியே நிற்கிறது.

இனி, அந்தக் காந்தாரம் கேட்கும்போது உடம்பில் எழும் புல்லரிப்புக்கு வருவோம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆன் பிளட், ராபர்ட் சட்டோர் இருவரும் 2001-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இசை பயின்ற 10 பேரை அழைத்து, தனக்கு நிச்சயம் மயிர்க்கூச்சு எடுக்கும் இசையை அவரவரே கொண்டுவரச் சொன்னார்கள். கேட்கும்போது மூளையின் இரத்த ஓட்டத்தைப் படமெடுத்தார்கள். உணவுக்கும் இன்பத்துக்கும் விழித்தெழும் பகுதிகள் இசைக்கும் விழித்தன. ஒப்பிட்டுப் பார்க்க எந்த இசையை வைத்தார்கள் தெரியுமா? ஒருவரின் உயிரான பாட்டை இன்னொருவருக்குப் போட்டார்கள். அவருக்கு அது சும்மா ஒரு பாட்டு. கல்யாண வீட்டுச் சண்டை எல்லாம் இந்த ஒரு ஏற்பாட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

அதே பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் குழுவினரும் 2011-ல் இன்னும் ஆழமாகப் பார்த்தார்கள். புல்லரிக்கும் கணத்தில் மூளையில் டோபமைன் சுரந்தது. வியப்பு என்னவென்றால், அந்தக் கணத்துக்குச் சற்று முன்பே, மூளையின் வேறொரு பகுதியில் ஒரு சுரப்பு நடந்தது. வரப்போகிறது என்று எதிர்பார்த்ததற்கே ஒரு பரிசு, வந்ததற்கு இன்னொரு பரிசு.

தோடி இந்த எதிர்பார்ப்பின் மேல் கட்டப்பட்ட ராகம் என்று சொல்லத் தோன்றுகிறது. சுருதி ஊதும் ஒத்தோ சுருதிப் பெட்டியோ இடைவிடாமல் ஷட்ஜத்தை நிறுத்திக்கொண்டே இருக்கும். வாசிப்பவரோ ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் வேண்டுமென்றே விட்டுவிட்டு, ரிஷபத்திலும் காந்தாரத்திலும் மத்யமத்திலும் தைவதத்திலும் சுற்றுவார். தோடிக்கு உரிய சஞ்சாரம் அது. காது வீட்டுக்குப் போகத் துடிக்கும், வாசிப்பு வாசல் வரைக்கும் வந்து திரும்பிவிடும். மூச்சு நீள நீள அந்தத் தவிப்பும் நீளும். ராஜரத்தினம் பிள்ளையின் மூச்சு எவ்வளவு நீளம் என்பதைக் கேட்டவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

எதிர்பார்ப்பைக் கற்றுக்கொடுக்க முடியும். பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருக்கும் பெரியப்பா விரலை உயர்த்தி, "இரு, இரு... இப்ப வருது பாரு" என்று சொல்வாரே, அப்போது அவர் தன் காதிலிருந்த எதிர்பார்ப்பை எடுத்து நம்மிடம் தருகிறார். மெக்கில் சோதனையில் மற்றவரின் பாட்டைக் கேட்டவர்களுக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லை.

என் பங்குக்கு நான் சொல்வது இசைத்தட்டுத் தோடியைத்தான். மேல் ஸ்தாயியில் காந்தாரத்தைப் பிடித்து அவர் அசைக்கும் இடத்தை மறுபடி மறுபடி கேட்கிறேன். ஒவ்வொரு அசைவும் ஒரே அளவாக இருப்பதில்லை. சில மத்யமத்தில் ஒரு கணம் தங்குகின்றன, சில அதைப் பட்டும் படாமலும் தொட்டு உடனே சறுக்குகின்றன. அடுத்த முறை கேட்கும்போது, அவர் ஷட்ஜத்துக்கு எப்போது வருகிறார் என்று மட்டும் பாருங்கள். எத்தனை தடவை அதன் பக்கத்தில் வந்து வராமல் போகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் தோடி எது என்று சொல்லுங்கள், வழக்காடலாம்.